கொலு பார்க்: பொறுக்கிச் சேர்த்த ஓர் உலகம்

மைன்கிராஃப்ட் விளையாடியவங்களுக்குத் தெரியும், அதில் முதல் வேலை சண்டை இல்லை, பொறுக்குவது. மரம் வெட்டணும், அதைப் பலகையாக்கணும், பலகையில் மேசை செய்யணும், அப்புறம்தான் கோடரி. வழியில் ஏதாவது வினோதமான பொருள் கண்ணில் பட்டால் அதையும் எடுத்து வைத்துக்கொள்வோம், எதற்காவது உதவும் என்று. 2011-ல் முழுமையாக வெளியான விளையாட்டு அது. ஆனால் இதே பழக்கம் தியாகராய நகர், மாம்பலம், மயிலாப்பூர் வீடுகளில் அதற்கு ரொம்ப முன்னாடியே இருந்தது. அதற்குப் பெயர் கொலு பார்க்.

நவராத்திரி கொலுவில் படிகள் பெரியவர்கள் பொறுப்பு. எந்தப் படியில் தசாவதாரம், எங்கே செட்டியார் பொம்மை என்பதற்கெல்லாம் முறை உண்டு. படிக்குக் கீழே இருக்கும் தரை மட்டும் பசங்க ராஜ்ஜியம். அங்கே மலைக்குப் பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்ட் இருக்கும், காரை விடப் பெரிய வாத்து குளத்தில் நிற்கும். யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க.

அந்த உலகத்துக்கான சாமான்கள் கடையில் கிடைக்காது, தேடிச் சேர்க்கணும். கடுகும் கேழ்வரகும் சமையலறையிலிருந்து வரும். நவராத்திரிக்குச் சில நாள் முன்னாடியே மண்ணில் தூவித் தண்ணீர் தெளித்தால்தான் பூஜைக்குள் புல்வெளி தயார். நாள் தப்பினால் அந்த வருஷம் வெறும் மண்தான். மரத்தூளில் சாயம் கலந்து பாதை போடுவார்கள். வீடுகளுக்குத் தீப்பெட்டி, குளத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி.

குளம் என்றதும் தியாகராய நகரின் கதையும் சொல்லணும். அந்தப் பகுதியே ஓர் ஏரி இருந்த இடம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர் அதை லாங் டேங்க் என்றார்கள். 1920-களில் அதை வடித்து, மனை பிரித்து உருவாக்கியதுதான் பிட்டி தியாகராயர் பெயர் தாங்கிய இந்த நகர். நடுவில் ஒரு பூங்கா வைத்து பனகல் ராஜா பெயரைச் சூட்டினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கு, ஏரிதான் இல்லை. ஏரியை மூடி எழுந்த தெருக்களில் வருஷா வருஷம் கூடத்துத் தரையில் கண்ணாடியை வைத்து ஏரி செய்தார்கள் குழந்தைகள்.

கணினி விளையாட்டில் எது அரிய பொருள் என்பதை நிரல் எழுதுகிறவர் முடிவு செய்கிறார். கொலு பார்க்கில் அதை வியாபாரமும் காடும் முடிவு செய்தன. 1970-களில் பினாகா பற்பசைப் பெட்டிக்குள் ஒரு குட்டி பிளாஸ்டிக் மிருகம் இலவசமாக வரும். எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரே மிருகம் இரண்டு வந்தால் பக்கத்து வீட்டோடு பண்டமாற்றுதான். அப்படிச் சேர்ந்தவை எத்தனையோ பார்க்குகளில் காடாக மாறின.

மேல்படி மரப்பாச்சிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கல்யாணச் சீராக வந்த அந்த ஜோடி பொம்மையைச் செம்மரத்தில் செதுக்குவது வழக்கம். செம்மரம் இயற்கையாக வளர்வது பெரும்பாலும் ஆந்திராவின் தென்பகுதி மலைகளில், அதாவது திருப்பதி, கடப்பை வட்டாரத்தில். கோயிலுக்குப் போனவர்கள் திருப்பதியிலிருந்து மரப்பாச்சி வாங்கி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1995-ல் சைட்டிஸ் எனும் சர்வதேச உடன்படிக்கை அந்த மரத்தின் வணிகத்தைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பாட்டியின் மரப்பாச்சி இன்று கிட்டத்தட்ட ஓர் அரும்பொருள்.

இப்போது வடக்கு மாட வீதி நடைபாதைக் கடைகளில் கிரிக்கெட் மைதானம், கல்யாண ஊர்வலம் என்று எல்லாம் செட்டாகவே கிடைக்கிறது. அழகாகத்தான் இருக்கு, செய்கிறவர்களுக்கும் அது பிழைப்பு. ஆனால் செட் வாங்கும்போது மண் எங்கிருந்து வந்தது, கடுகு எத்தனை நாளில் முளைக்கும் என்ற கேள்விகள் எழுவதில்லை. விளையாட்டின் பாதி அந்தத் தேடலில்தான் இருந்தது.

வரலாறு எழுதுகிறவருக்கு இதில் ஒரு சிக்கல். விஜயதசமிக்குப் பிறகு பொம்மைகள் துணியும் செய்தித்தாளும் சுற்றிப் பெட்டிக்குள் போய்விடும். சில வீடுகளில் அந்தத் தாளில் உள்ள தேதியே பொம்மை எந்த வருஷம் உள்ளே போனது என்று சொல்லிவிடும். பார்க்கோ குப்பைக்குப் போகும். எந்த அருங்காட்சியகமும் முளைவிட்ட கடுகைச் சேர்த்து வைக்க முடியாது. மிஞ்சுவது புகைப்படமும் நினைவும்தான்.

அதனால் இந்தப் புரட்டாசியில் பெட்டியைத் திறக்கும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்க: மண் எந்த இடத்து மண்? குளத்துக்கு எந்தக் கண்ணாடி? முதல் பிளாஸ்டிக் மிருகம் எப்படி வந்தது? உள்ளே சுற்றியிருக்கும் பழைய பேப்பரை எறிவதற்கு முன்னாடி அதன் தேதியையும் குறித்துக்கொள்ளுங்க.