சஸ்திர வைத்தியர் சபையில் ஒரு கவிஞர்

ஒரு தொழிலைச் சார்ந்தோர் கூடும் மகாநாட்டில், அத்தொழிலின் அரிச்சுவடியும் பயிலாத எழுத்தாளர் ஒருவரை மேடையேற்றி முதற்பிரசங்கம் செய்விக்கும் வழக்கத்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஐரோப்பாவில் காண்கிறோம். இலக்கியத்தின்மீதுள்ள பக்தியால் அழைத்தார்களா, சபைக்கு ஓர் அலங்காரமாக இருக்கட்டும் என்று அழைத்தார்களா என்பது அழைத்தவர்களுக்கே வெளிச்சம்.

பம்பாயில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங், 1923 பிப்ரவரி 14 அன்று லண்டன் ராயல் சர்ஜன்கள் கல்லூரியின் வருஷாந்தர விருந்தில் பேசியபோது, தம்மைச் சொல் வியாபாரி என்று அறிமுகம் செய்துகொண்டு, மனித குலம் உட்கொள்ளும் மருந்துகளில் சொல்லே வீரியம் மிக்கது என்றார்; பிறகு, மனிதனின் தெய்வத்துவத்தைப் பிரம்மன் மனிதனுக்குள்ளேயே ஒளித்துவைத்தானென்று ஒரு கதையும் சொன்னார். உண்டபின் கேட்க இனிமையானதுதான். ஆயினும் உபசாரம் சற்றுத் தூக்கல்.

பிரெஞ்சுக் கவிஞர் பால் வலேரியின் பிரசங்கம் வேறு ஜாதி. 1938 அக்டோபர் 17 அன்று, ம்யூனிக் உடன்படிக்கை கையெழுத்தாகி மூன்று வாரங்கூட நிறையாத அந்தக் கலக்கமான நாட்களில், பாரிஸ் வைத்திய கலாசாலையில் கூடிய சஸ்திர சிகிச்சை மகாநாட்டின் ஆரம்பக் கூட்டத்தில் அவர் பேசினார். பிரெஞ்சு அகாதமியின் அங்கத்தினரும், முந்திய ஆண்டுதான் கொலேழ் து பிரான்ஸில் கவிதையியல் ஆசனம் ஏற்றவருமான அவர், வைத்தியர்களின் ஜீவகாருண்யத்தைப் புகழ்ந்து நான்கு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியிருந்தாலும் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ, எதிரே அமர்ந்திருந்தவர்கள் நாள்தோறும் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவி ரப்பர் உறைக்குள் நுழைக்கும் அந்தக் கையையே விஷயமாக எடுத்துக்கொண்டார். அடிப்பதும் ஆசீர்வதிப்பதும், சத்தியம் செய்வதும் தாளம் போடுவதும், குருடனுக்குக் கண்ணாவதும் ஊமைக்கு நாவாவதும் இந்தக் கைதானே. அப்படியிருக்க, கையைப் பற்றி ஒரு முழு நூல் இன்னும் எழுதப்படவில்லையே என்று வியந்தார். எலும்பு இத்தனை, தசைநார் இத்தனை என்று உடற்கூற்று நூல்கள் எண்ணி வைத்திருக்கின்றன. அவர் தேடியது அந்தக் கணக்கையன்று, புத்தி வளர்வதற்குக் கை செய்த உதவியின் சரித்திரத்தை. ஒரே சிகிச்சையைச் செய்யும் இருவரின் கைகளுக்குத் தனித்தனிப் பாணி உண்டாதலால், சஸ்திர வைத்தியருக்குள் ஒரு கலைஞரும் இருக்கிறார் என்று அவர் சொன்னதை முகஸ்துதி என்று தள்ளிவிட முடியாது. பாணி என்பதைப் பற்றிப் பேச அவரைவிட அதிகாரம் பெற்றவர் அச்சபையில் எவர்?

மகாயுத்தம் வந்து ஓய்ந்து, அணுகுண்டின் புகையும் அடங்கியபின், 1969 பிப்ரவரியில் அமெரிக்க பௌதிக சங்கத்தார் நாவலாசிரியர் கர்ட் வானகட்டை அழைத்தார்கள். உபசாரத்தை எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள்: ஆயுதம் செய்ய மறுப்பவனே தர்மவானான விஞ்ஞானி என்ற கருத்தை அவர் அந்தச் சபையிலேயே வைத்தார். அவரை முற்றிலும் அந்நியர் என்றும் சொல்வதற்கில்லை. அண்ணன் பெர்னார்ட், ஸில்வர் அயோடைடு தூவி மேகத்தில் பனித்துகள் உண்டாக்கலாமென்று கண்ட விஞ்ஞானி. அந்த அண்ணன் ஆராய்ச்சி செய்த ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில்தான், நாவல்கள் எழுதுவதற்கு முன் தம்பி விளம்பர இலாகாவில் உத்தியோகம் பார்த்தார்.