பெங்களூர் மாணவரின் மாலைப்பொழுது

கலாசாலைகளின் சரித்திரத்தை எழுத முற்படுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றின் பகற்பொழுதை மட்டுமே எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த ஆண்டில் எந்தக் கட்டடத்திற்கு அஸ்திவாரமிட்டார்கள், எந்தத் துரை தலைமை வகித்தார், எத்தனை பேர் பரீட்சையில் தேறினார்கள் என்ற விவரமெல்லாம் ஆண்டறிக்கைகளில் கிடைத்துவிடும்; கடைசி மணி அடித்த பிறகு அந்த வாலிபர்கள் எங்கே போனார்கள், யாரோடு உட்கார்ந்து பேசினார்கள், எவ்வளவு நேரம் சும்மா இருந்தார்கள் என்பதை எந்த அறிக்கையும் சொல்வதில்லை. கைப்பேசியும் இணையமும் மாணவர்களின் சமூக வாழ்வை என்ன செய்துவிட்டன என்று இன்று ஆசிரியர்களும் பெற்றோரும் மட்டுமன்றி மாணவர்களே கவலையோடு கேட்டுக்கொள்ளும்போது, அவர்கள் கேட்பது உண்மையில் இந்த எழுதப்படாத மாலைப்பொழுதைப் பற்றித்தான். அக்கருவிகள் எதன் இடத்தில் வந்து அமர்ந்தன என்று தெரியாமல், அவை எதைக் கெடுத்தன என்று சொல்ல முடியாது. தொலைபேசியிலிருந்து மென்பொருள் வரை இக்கருவிகளுக்குத் தொழிற்கூடமாகவும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களுக்கு வாசஸ்தலமாகவும் இருந்துவரும் பெங்களூர் இந்த ஆராய்ச்சிக்குப் பொருத்தமான நகரம்.

1858-ஆம் ஆண்டில் பெங்களூர் ஹைஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி, 1875-ல் சென்டிரல் காலேஜ் என்று பெயர் மாறி, சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்திருந்த கலாசாலையே இந்நகரத்தின் உயர்கல்விக்கு மூலஸ்தானம். அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஓசூரில் பள்ளிப்படிப்பை முடித்துக்கொண்டு வந்த ராஜகோபாலாச்சாரி என்ற இளைஞர் 1894-ல் பட்டம் பெற்றது இங்கேதான். பின்னாளில் அவர் கவர்னர் ஜெனரலானதை எல்லோரும் அறிவர். மைசூர்ச் சர்வகலாசாலை 1916-லும், விசுவேசுவரய்யா முயன்று நிறுவிய பொறியியற் கல்லூரி 1917-லும் ஏற்பட்டன. டாடாவின் எண்ணமும் மைசூர் சமஸ்தானம் அளித்த நிலமும் சேர்ந்து 1909-ல் உருவான இந்திய விஞ்ஞானக் கழகத்தை, ஊரார் இன்றுவரை டாடா இன்ஸ்டிட்யூட் என்றே சொல்லிவருகிறார்கள்.

கிராமத்திலிருந்து வந்த ஏழைப் பையனுக்கு இந்நகரில் கல்வியைக் காட்டிலும் சாப்பாடே பெரிய பிரச்சினையாக இருந்தது. தமிழில் வாரச் சாப்பாடு என்றும் கன்னடத்தில் வாரான்னம் என்றும் வழங்கிய ஏற்பாட்டின்படி, திங்கட்கிழமைக்கு ஒரு வீடு, செவ்வாய்க்கிழமைக்கு வேறொரு வீடு என்று கிழமைக்கொரு கிருகஸ்தரிடம் உண்டு படித்தவர்கள் மைசூர் சீமையில் பலர். மாலைநேரத்தில் அந்தப் பிள்ளை ஏறிப்போன படிகள் அவன் விரும்பித் தேர்ந்தெடுத்தவை அல்ல; அங்கே யார் என்ன கேட்டாலும் பணிவோடு பதில் சொல்லியாக வேண்டும். குப்பி தோட்டதப்பா போன்ற தர்மவான்கள் ரயிலடிக்கருகே சத்திரமும் இலவச மாணவர் விடுதியும் ஏற்படுத்திய பின்னர், ஒவ்வொரு ஜாதியாரும் தத்தம் பிள்ளைகளுக்கென்று விடுதி கட்டும் வழக்கம் பரவியது. பழைய காலத்து மாணவ சகவாசத்தை ஆஹா என்று புகழ்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரே ஜாதியார், ஒரே பந்தி, ஒரே விதமான பேச்சு என்று அடைத்துவைத்த அந்த விடுதிகளை நினைத்தால், தனக்கு ஒத்த கருத்துள்ளவரோடு மட்டும் உறவாடுவது கைப்பேசி வந்த பிறகு தோன்றிய வியாதி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அந்த அடைப்பை உடைத்தவை இரண்டு. ஒன்று மின்விளக்கு, மற்றொன்று ஹோட்டல். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து வந்த மின்சாரத்தால் 1905-ல் பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரியத் தொடங்கியதும், அதுவரை இருட்டோடு முடிந்துபோன மாலை இன்னும் சில மணி நேரம் நீண்டது. விஞ்ஞானம் மாணவனின் பொழுதை மாற்றியது அதுவே முதல் தடவை. அப்போதும் பெரியவர்கள் பிள்ளைகள் கெட்டுப்போவதாகக் கவலைப்பட்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பஸவனகுடியின் காந்தி பஜாரில், சுற்றுவட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளை நம்பி 1943-ல் திறக்கப்பட்டதால் வித்யார்த்தி பவன் என்றே பெயர் பெற்ற சிற்றுண்டிச் சாலையில், மேஜைக்கு நாலு நாற்காலி; உங்களோடு வந்தவர் இரண்டு பேரானால் எஞ்சிய இரண்டு நாற்காலிகளில் முன்பின் தெரியாதவர்கள் வந்து உட்காருவார்கள். மொறுமொறுவென்ற தோசைக்காகக் காத்திருக்கும் அந்த நேரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர் எழுத்தாளரா, குமாஸ்தாவா, வேறொரு விடுதியைச் சேர்ந்த பிள்ளையா என்று யாரும் விசாரித்து இடம் கொடுப்பதில்லை. ஜாதி விடுதிகள் பிரித்துவைத்தவர்களைச் சட்னிக் கிண்ணம் சேர்த்துவைத்தது.

ஹோட்டலுக்கு அடுத்தபடி பிரசங்க மேடை. சந்திரசேகர வேங்கட ராமன் தாம் கண்டறிந்த புதிய ஒளிக்கதிரைப் பற்றி விரிவாகப் பேசியது 1928-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் தேதி, இதே நகரத்தில், தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தின் கூட்டத்தில்தான். டி. வி. குண்டப்பா 1945-ல் நிறுவிய கோகலே பொதுவிவகார நிலையமும், 1950-ல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் மாலைநேரத்துச் செவிகளை நம்பி நடந்தவை. சாமராஜப்பேட்டையில் கோட்டைப் பள்ளி மைதானத்துப் பந்தலில் ராமநவமிக் கச்சேரிகள் நடக்கும். டிக்கெட்டுக்குக் காசில்லாத மாணவர்களுக்குத் தெருவே சபையாயிற்று.

இந்த மாலைக்கு ஒரு அதிதேவதை உண்டென்றால் அவர் எச். நரசிம்மய்யாதான். கௌரிபிதனூரை அடுத்த கிராமத்தில் 1920-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, நேஷனல் பள்ளியில் சேர்ந்து படிப்பதற்காகக் கால்நடையாகவே பெங்களூர் வந்து சேர்ந்து, அமெரிக்காவின் ஓஹையோ ஸ்டேட் சர்வகலாசாலையில் அணுக்கரு பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பி, நேஷனல் காலேஜின் பிரின்ஸிபாலாகவும் 1972 முதல் 1977 வரை பெங்களூர்ச் சர்வகலாசாலையின் துணைவேந்தராகவும் விளங்கிய அந்தப் பிரம்மசாரி, தமக்கென்று ஒரு வீடு தேடிக்கொள்ளாமல் மாணவர் விடுதியின் சிறிய அறையொன்றிலேயே 2005-ல் இறக்கும்வரை வாழ்ந்தார். 1962-ல் அவர் தொடங்கிய பெங்களூர் விஞ்ஞான மன்றத்தில் வாரந்தோறும் யாராவது ஒரு நிபுணர் பேசுவார். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம், எழுந்து கேள்வியும் கேட்கலாம். கேள்வி கேட்காமல் எதையும் ஏற்காதே என்பது அவர் மாணவர்களுக்கு விதித்த நியதி; அதை அவர் வகுப்பறையில் போதித்ததைவிட மாலைக் கூட்டங்களில் பழக்கியதே அதிகம்.

நகரத்தின் மறுபாதியாகிய கண்டோன்மெண்டில் மாலைக்கு வேறு முகம். எம்.ஜி. ரோட்டு இந்தியா காபி ஹவுஸில் தலைப்பாகை கட்டிய பரிசாரகர், ஒரு காபியோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவனையும் எழுப்பமாட்டார். பக்கத்திலேயே டி. எஸ். ஷான்பாக் 1971-ல் தொடங்கிய பிரீமியர் புத்தகக் கடையில் தரையிலிருந்து கூரைவரை புத்தகங்கள் அடுக்கியிருக்கும்; இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். எந்தப் புத்தகம் எந்த அடுக்கின் அடியில் இருக்கிறது என்பது ஷான்பாக் ஒருவருக்கே தெரியும். மாணவர்களுக்கு விலையைக் குறைத்துக் கொடுப்பதிலும் அவர் தயங்கியதில்லை. பிரீமியர் 2009-ல் மூடப்பட்டது; அதே ஆண்டில் காபி ஹவுஸும் எம்.ஜி. ரோட்டைவிட்டு சர்ச் ஸ்டிரீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அப்போது நல்ல கைப்பேசி வைத்திருந்த மாணவர்கள் சொற்பம். இன்ஃபோஸிஸ் 1983-லும், டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1985-லும் வந்து இறங்கிய நாள் முதல் கணினித் தொழில் கொழிக்கக் கொழிக்க மனையின் விலையும் கடையின் வாடகையும் ஏறிக்கொண்டே போன நகரம் இது. கணினியானது மாணவனின் கண்ணைக் கவர்ந்துகொள்வதற்கு முன்பே அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கவர்ந்துகொண்டது என்பதே என் அபிப்பிராயம்.

கருவிகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். சுதந்திரம் வந்த மறு ஆண்டில் நிறுவப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை பெங்களூருக்குக் கிழக்கே தூரவாணி நகர் என்ற குடியிருப்பையே உண்டாக்கிற்று. அங்கே செய்த கறுப்புத் தொலைபேசியொன்று விடுதி வார்டனின் அறையில் இருக்கும்; ஒருவருக்கு அழைப்பு வந்தால் பெயர் மாடிவரை ஒலிக்கும். எண்பதுகளின் பிற்பகுதியில் மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத்துகள் தோன்றின, இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும் என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு அவற்றின் முன்னே மாணவர் வரிசை நீளும், முன்னால் நிற்பவனுடைய வீட்டுச் சங்கதியெல்லாம் பின்னால் நிற்பவனுக்குத் தெரிந்துபோகும். 1986-ல் மத்திய அரசு ஐக்கிய நாட்டுச் சபையின் உதவியோடு எட்டு ஸ்தாபனங்களை இணைக்கத் தொடங்கிய எர்நெட் என்ற வலையில் விஞ்ஞானக் கழகமும் ஒன்றானதால், நாட்டில் மின்னஞ்சல் என்ற பெயரே கேட்டிராத காலத்தில் இந்நகரத்தின் ஆராய்ச்சி மாணவர் சிலர் அதைக் கண்டார்கள். 1996 ஜூலையில் பிரிகேட் ரோட்டில் வி. ஜி. சித்தார்த்தா திறந்த காபி டே, 100 ரூபாய்க்கு ஒரு மணி நேர இணையமும் காபியும் அளித்தது. அக்காலத்துச் சைபர் கஃபேயிலும் அடுத்த நாற்காலியில் ஓர் அந்நியர் இருந்தார், அவரிடம் வழி கேட்க வேண்டியிருந்தது. ஆர்குட்டும் அதன்பின் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வந்தன. 2016 செப்டம்பரில் ஜியோவின் கைப்பேசி இணையம் இலவசமாக வந்தது. அடுத்த நாற்காலி அதோடு காலியாயிற்று.

அதனால் என்ன நேரும் என்பதை நகரம் அதற்கு முன்பே ஒரு தடவை பார்த்துவிட்டது. 2012 ஆகஸ்டு மாதத்தில், அஸ்ஸாமில் நடந்த கலவரத்திற்குப் பழிவாங்க வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தி குறுஞ்செய்திகளாகவும் படங்களாகவும் கைக்குக் கை பரவ, பெங்களூரில் படித்துக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் இருந்த அந்தப் பிரதேசத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ரயிலடிக்கு ஓடினார்கள். கௌஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. மாநில உள்துறை அமைச்சரே ரயில் நிலையத்திற்குப் போய் அபயம் அளித்தும் கூட்டம் நிற்கவில்லை. ஒரே எண்ணிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து செய்திகளுக்கு மேல் அனுப்பக்கூடாதென்று மத்திய அரசு தேசமெங்கும் தடை போட நேர்ந்தது. கருவியின் குற்றம் என்று பத்திரிகைகள் எழுதின. வதந்தி கருவியில் வந்தது வாஸ்தவம். ஆனால், அது பொய் என்று தைரியம் சொல்ல அடுத்த அறையிலோ எதிர்வீட்டிலோ பழகிய முகம் ஒன்று இல்லாமற் போனதே அந்தப் பிள்ளைகளை ஓடவைத்தது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். அது நியாயமான ஆட்சேபம். நான் இதுவரை வர்ணித்த மாலை யாருடைய மாலை? பெண்களுடையது அன்று. மகாராணி கல்லூரியிலும், 1948-ல் பெங்களூரில் தொடங்கிய மவுண்ட் கார்மல் கல்லூரியிலும் படித்த பெண்கள் எத்தனை பேர் இருட்டிய பிறகு புத்தகக் கடையில் நின்றிருக்க முடியும்? விடுதிகளின் கதவு அவர்களுக்கு மட்டும் சூரியனோடு சேர்ந்து மூடியது. அப்படி அடைபட்டவளுக்குக் கைப்பேசியே முதல் ஹோட்டல் மேஜை, முதல் விவாத மன்றம், முதல் தெருமுனை. நான் புகழ்ந்த பழைய சகவாசத்தின் வாசற்படியை மிதிக்கவே விடப்படாத ஒருத்தியிடம், அதைக் கெடுத்துவிட்டாய் என்று குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. 2003-ல் சிருஷ்டி கலைப் பள்ளியில் மாணவியாக இருந்த ஜஸ்மீன் பதேஜா, தெருவில் பெண்களுக்கு நேரும் இம்சையைப் பற்றிப் பிளாங்க் நாய்ஸ் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். இணையத்தின் வழியே ஊர் ஊராகத் திரண்ட அந்தப் பெண்கள், பிற்பாடு பூங்காக்களில் ஒன்றுகூடிப் பயமின்றிப் படுத்துத் தூங்கிக் காட்டினார்கள். கருவி அவர்களை அறைக்குள் அடைக்கவில்லை. அறையைவிட்டு வெளியே அழைத்து வந்தது.

ஆகையால் கருவியைத் தொழுவதும் தூற்றுவதும் ஒருசேர வீண். 2014-ல் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, தொழில்நுட்பத்திற்கு அடிமைப்பட்டோருக்கென்று நம் நாட்டிலேயே முதல் சிகிச்சைப் பிரிவைத் திறந்ததும் உண்மை. 2020-ல் பெருந்தொற்று கல்லூரிகளைப் பூட்டியபோது பாடங்கள் அத்தனையும் அதே கருவியில் நடந்ததும் உண்மை. அண்மைக்காலமாகக் கப்பன் பூங்காவில் சனிக்கிழமைக் காலைகளில் ஆளுக்கொரு புத்தகத்தோடு மௌனமாக உட்கார்ந்து படிக்கக் கூடுகிறவர்களுக்கு அழைப்பு போவது இன்ஸ்டாகிராமில்தான். இடமும் வேளையும் கிடைத்தால் இளைஞர்கள் வருகிறார்கள். கிடைக்காதபோது கைப்பேசிக்குள் போகிறார்கள்.

எனவே கல்லூரிகளை நடத்துகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். மாணவர்களுக்கு உபதேசக் கருத்தரங்கு நடத்துவதற்கு முன்பு, சாயங்காலமே பூட்டிவிடும் வாசகசாலையையும் பேச்சு மண்டபத்தையும் இரவு பத்து மணிவரை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நேரக் கணக்கில், வெளியார்க்கும் கதவடைக்காமல் திறந்துவையுங்கள். அதற்கு வேண்டியது ஒரு காவற்காரரின் சம்பளமும் சில விளக்குகளின் மின்சாரமுமே.