2010-ல் நூறு பேருக்கு 15 போன்

"பத்தே வருஷத்துல ஏ.ஐ. நம்ம வேலையை எல்லாம் தூக்கிடும்"னு ஒரு வீடியோ, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு இன்னொரு வீடியோ. ரெண்டையும் இந்த வாரமே பார்த்திருப்பீங்க. யார் சொல்றது சரின்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்லை. அதுக்குப் பதிலா, காலக்கெடு முடிஞ்சுபோன ஒரு பழைய கணிப்பை எடுத்துப் பார்ப்போம். போட்டது ஜோசியக்காரர் இல்லை, இந்திய அரசு.

1999-ல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கையில் ஒரு இலக்கு இருக்கிறது. 2005-ல் நூறு பேருக்கு 7 போன், 2010-ல் 15 போன். இப்போ கேட்டா சிரிப்பு வரும். அன்னிக்கு அது பேராசை. முந்தைய 1994 கொள்கை, 1997-க்குள்ள கேட்டவங்களுக்கெல்லாம் போன், எல்லாக் கிராமத்துக்கும் போன்னு சொல்லிச்சு. ரெண்டுமே நடக்கலை. லேண்ட்லைனுக்குப் பதிவு பண்ணிட்டு ஜனங்க வருஷக்கணக்கில் காத்திருந்தாங்க.

செல்போன் இருந்துச்சே? இருந்துச்சு. 1995 ஜூலை 31-ம் தேதி, கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அதுதான். அப்போ நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரைக்கும் போச்சு. நமக்கு வர்ற காலுக்கும் நாமதான் காசு கட்டணும். அந்த விலையை வச்சுப் பார்த்தா 15-ங்கறதே தைரியமான நம்பர்.

நடந்தது என்ன? 2010 முடியறப்போ நூறு பேருக்கு 60-க்கும் மேல. ஒருத்தரே ரெண்டு சிம் வச்சிருந்ததைக் கழிச்சாலும் இலக்கை எங்கயோ தாண்டிடுச்சு. அதே 1999 கொள்கைதான் கம்பெனிகளோட நிலையான லைசன்ஸ் கட்டணத்தை வருமானப் பங்காக மாத்துச்சு. போட்டி கூடிச்சு, விலை விழுந்துச்சு. 2003-ல் இன்கமிங் இலவசமாச்சு. மிச்சத்தை ஜனங்களே பார்த்துக்கிட்டாங்க. மிஸ்டு கால்னு ஒரு மொழியை உருவாக்கினாங்க: ஒரு ரிங்னா "கிளம்பிட்டேன்", ரெண்டு ரிங்னா "கீழே வா". இதை எந்த அதிகாரி திட்டம் போட்டிருப்பார்!

இதுவரைக்கும் சந்தோஷமான கதை. எனக்கு உறுத்துறது 1994 கொள்கையில் இருக்கற இன்னொரு வரி: நகரங்களில் 500 பேருக்கு ஒரு பி.சி.ஓ.

அதாவது, அன்னிக்கு எதிர்காலம்னா அது எஸ்.டி.டி. பூத்துதான். வீட்டுக்கு வீடு போன் தர முடியாது, தெருவுக்கு ஒண்ணு தரலாம்ங்கறது சாம் பிட்ரோடா எண்பதுகள்லயே வச்ச வாதம். நல்ல வாதமும்கூட. பூத் ஒதுக்கறதுல மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்துச்சு. ஒரு ஸ்டூல், கண்ணாடிக் கதவு, ஓடிக்கிட்டே இருக்கற மீட்டர், ராத்திரி ரேட் குறைஞ்சதும் நிக்கற வரிசை. ஓடியாடி வேலை செய்ய முடியாத ஒருத்தர் உட்கார்ந்த இடத்திலேயே குடும்பத்தைக் காப்பாத்தலாம். அரசே காட்டின வழின்னு நம்பி அதுல காசு போட்டாங்க.

ஆக, 15-ங்கற கணிப்பு நம்ம எல்லாருக்கும் நல்ல பக்கமா தப்பிச்சு. பூத்காரருக்கு மட்டும் அந்தத் தப்புதான் இடி. ஒவ்வொருத்தர் பாக்கெட்டுக்கும் போன் வர வர, அவர் மீட்டர் நின்னுச்சு. பல பேர் அதே கடையில் ரீசார்ஜ் கார்டு வித்தாங்க, ஜெராக்ஸ் மெஷின் போட்டாங்க. அதாவது, தன் தொழிலைக் காலி பண்ணின பொருளுக்கே டாப்-அப் போட்டுப் பிழைச்சாங்க. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. கொஞ்ச வருஷத்துல ரீசார்ஜும் போனுக்குள்ளயே போயிடுச்சு. ஒரே ஆளுக்கு ரெண்டாவது அடி.

ஏ.ஐ. பத்தின கணிப்புகளைப் படிக்கறப்போ நான் முதல்ல தேடறது அந்த ஸ்டூல்ல யார் உட்கார்ந்திருக்காங்கன்னுதான். டேட்டா என்ட்ரி ஆளா, கால் சென்டர்ல இருக்கற பொண்ணா, கோட் எழுதற நீங்களா? எத்தனை கோடி லாபம்ங்கற நம்பர் மட்டும் முதல் பக்கத்துலயே கிடைச்சிடும்.

உங்க வீட்டுல, தெருவுல யாராவது எஸ்.டி.டி. பூத் நடத்தியிருந்தா, அதை எப்போ மூடினாங்க, அப்புறம் என்ன பண்ணாங்கன்னு கேட்டு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல படிக்கறேன்.