எல்வுட்: சரக்கு ரயில் வந்த கிராமம்

சிகாகோ என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1893ம் ஆண்டும் விவேகானந்தரும்தான். அமெரிக்கர்களைக் கேட்டால் ரயில் என்பார்கள். அந்த நாட்டில் ரயிலில் போகும் சரக்கில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சிகாகோ வட்டாரத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. கிழக்குப் பக்கம் ஓடும் ரயில் கம்பெனிகளும் மேற்குப் பக்கம் ஓடும் கம்பெனிகளும் சந்திக்கும் இடம் அது. அந்தச் சந்திப்பின் பாரத்தில் பெரும்பகுதியை இன்று சுமப்பது, நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எல்வுட் என்ற சின்னக் கிராமமும் அதன் அக்கம்பக்கமும். எல்வுட்டின் மக்கள்தொகை 2,200 சொச்சம், அவ்வளவுதான்!

"இங்கே ஒரு சரக்கு ரயில் முனையம் வந்தால் ஊர் முன்னேறும்" என்று உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. எல்வுட்டுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. சொன்னது பொய்யா? பொய் இல்லை. ஆனால் முன்னேற்றம் யார் பக்கம் போனது என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த மண்ணின் கதை. ஆதியில் அது பொட்டவாட்டமி பழங்குடியினரின் புல்வெளி. 1833ல் சிகாகோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் அவர்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதாயிற்று. பிறகு வந்த குடியேறிகள் உழுது மக்காச்சோளம் போட்டார்கள். நூறு வருடம் கழித்து அவர்களுடைய முறை வந்தது. 1940ல் அமெரிக்க ராணுவம் வெடிமருந்துத் தொழிற்சாலை கட்ட 36,000 ஏக்கருக்கு மேல் விவசாய நிலத்தை எடுத்துக்கொண்டது. பணம் கொடுத்தார்கள்தான். ஆனால் விற்க மனமில்லாதவர்களும் போயே ஆக வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் அங்கே 100 கோடி பவுண்டுக்கு மேல் டி.என்.டி தயாரானது. குண்டுகளில் மருந்து நிரப்பும் பிரிவையும் சேர்த்து 10,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 1942 ஜூன் 5 அதிகாலையில் அந்தப் பிரிவில் பெரிய வெடிவிபத்து நடந்தது. 48 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். சிலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

கொரியா, வியட்நாம் போர்கள் வரை ஓடிய தொழிற்சாலை, 1970களின் பிற்பாதியில் உற்பத்தியை நிறுத்தியது. அதே சமயம் பக்கத்தில் உள்ள ஜோலியட் நகரில் எஃகு ஆலை மூடப்பட்டது. கேட்டர்பில்லர் தொழிற்சாலையும் சுருங்கியது. 1980களின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லாத காலமும் இருந்தது. இதை மறந்துவிட்டுப் பிறகு நடந்ததைப் பார்த்தால், ஏன் ஊரார் ஒப்புக்கொண்டார்கள் என்பது புரியாது.

ராணுவ நிலத்தை என்ன செய்வது? 1996 பிப்ரவரியில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் அதைப் பங்கு பிரித்தது. சுமார் 19,000 ஏக்கர் மீண்டும் புல்வெளியாக வளர்க்க வனத்துறைக்குப் போனது. மிடேவின் என்று அதற்குப் பொட்டவாட்டமி மொழியிலேயே பெயர் வைத்தார்கள் (துரத்திவிட்ட பிறகு பெயர் வைப்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்!). 982 ஏக்கர் போர்வீரர்களின் தேசியக் கல்லறைத் தோட்டத்துக்கு, ஒரு பகுதி குப்பைக் கிடங்குக்கு. மீதியில் சுமார் 3,000 ஏக்கர் தொழிற்பேட்டைக்கு.

அந்தத் தொழிற்பேட்டை நிலத்தில்தான் சென்டர்பாயிண்ட் என்ற நிறுவனம் நுழைந்தது. 2002ல் பி.என்.எஸ்.எஃப் ரயில் கம்பெனியின் சரக்கு முனையம் அங்கே திறக்கப்பட்டது. 2010ல் அருகிலேயே யூனியன் பசிபிக் கம்பெனியும் தன் முனையத்தைத் திறந்தது. கடலே இல்லாத இந்த இடத்தை வட அமெரிக்காவின் மிகப்பெரிய உள்நாட்டுத் துறைமுகம் என்று விளம்பரம் செய்தார்கள். ஆசியாவிலிருந்து கப்பலில் வரும் கண்டெய்னர்கள் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் இறங்கும். அங்கே ரயிலில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டடுக்காக ஏறி, பாதிக்கு மேல் கண்டத்தைக் கடந்து எல்வுட் வரும். அங்கே கிரேன் தூக்கி லாரியில் வைக்கும். லாரி பக்கத்துக் கிடங்குக்குப் போகும், பெட்டி பிரிக்கப்படும், சரக்கு வேறு லாரியில் ஏறிக் கடைகளுக்குக் கிளம்பும்.

சரக்கு ரயிலுக்கு ஆதரவாக எப்போதும் சொல்லப்படும் வாதம், அது சாலையிலிருந்து லாரிகளைக் குறைக்கும் என்பது. ஒரு நீண்ட ரயில் நூற்றுக்கணக்கான லாரிகளுக்குச் சமம், டீசலும் மிச்சம். கலிபோர்னியாவுக்கும் இல்லினாய்க்கும் நடுவே உள்ள நெடுஞ்சாலைகளுக்கு இது முழுக்க உண்மை. ஆனால் ரயில் வீட்டு வாசலுக்கு வராது. கண்டெய்னர் கீழே இறங்கும் இடத்தில் அத்தனை லாரியும் வந்து நின்றாக வேண்டும். நாடு முழுக்கக் குறைந்த லாரிகள் ஒரே கிராமத்தில் வந்து கூடின! எல்வுட்டை ஒட்டி ஓடும் 53ம் எண் சாலை, ஒரு காலத்தில் பாட்டிலும் படத்திலும் வந்த பழைய ரூட் 66ன் ஒரு கிளை. சாதாரண கிராமத்து நெடுஞ்சாலை. பள்ளிப் பேருந்தும், விவசாயியின் டிராக்டரும், 1999ல் திறந்த கல்லறைத் தோட்டத்துக்கு இறுதி ஊர்வலமாக வரும் கார்களும், கண்டெய்னர் லாரிகளும் அந்தச் சாலையைப் பங்குபோட்டுக்கொண்டன.

வேலை வந்ததா? வந்தது, ஆயிரக்கணக்கில் வந்தது. 2006ல் வால்மார்ட் மட்டும் சுமார் 34 லட்சம் சதுர அடியில் இரண்டு கிடங்குகளை அங்கே தொடங்கியது. ஆனால் எந்த மாதிரி வேலை என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2010ல் தொழிலாளர் அமைப்பு ஒன்று இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து வில் மாவட்டக் கிடங்குத் தொழிலாளர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 63 சதவீதம் பேர் ஏஜென்சி மூலம் வந்த தற்காலிகத் தொழிலாளர்கள். அவர்களில் நடுத்தரமான கூலி மணிக்கு 9 டாலர். நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு 12 டாலருக்கு மேல். ஒரே கிடங்கு, ஒரே பெட்டி, தூக்கும் கைக்கு மட்டும் இரண்டு விலை.

2012 செப்டம்பர் 15 அன்று வால்மார்ட்டின் எல்வுட் கிடங்கில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாற்பது பேர்கூட இல்லை. அவர்களுக்குச் சங்கமும் கிடையாது. அக்டோபர் 1 அன்று நூற்றுக்கணக்கானோர் அவர்களுக்கு ஆதரவாகத் திரண்டு சாலையில் நின்றபோது கிடங்கையே அன்றைக்கு மூட வேண்டியதாயிற்று. மூன்று வாரம் கழித்து, வேலைநிறுத்த நாட்களுக்கும் சேர்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவர்கள் உள்ளே போனார்கள். அப்படி நடப்பது அபூர்வம்.

அடுத்தது வரி. கிடங்குகள் வந்தால் வரி குவியும், பள்ளிக்கூடம் செழிக்கும் என்பது இன்னொரு எதிர்பார்ப்பு. எல்வுட்டில் பயன்படுத்தியது அமெரிக்க ஊர்களில் பிரபலமான ஒரு ஏற்பாடு. ஒரு பகுதியை எல்லை போட்டு, அங்கே சொத்து மதிப்பு உயர்வதால் கூடுதலாக வரும் வரியைப் பொதுக் கணக்குக்கு விடாமல், அந்தப் பகுதியின் சாலை, குழாய் போன்ற செலவுகளுக்கே திருப்பிவிடுவது. இல்லினாய் சட்டப்படி இது சாதாரணமாக 23 வருடம் வரை நீடிக்கலாம். முனையம் திறந்த வருடம் பிறந்த குழந்தை பள்ளிப்படிப்பையே முடித்துவிடும்! நிலம் காலியாகவே கிடந்தால் இந்த வரியே வந்திருக்காது என்பது நிறுவனங்களின் பதில். நியாயம்தான். ஆனால் சாலை தேய்வதும் புகை வருவதும் 23 வருடம் காத்திருக்கவில்லையே.

இந்த அனுபவத்தோடுதான் எல்வுட் அடுத்த விண்ணப்பத்தைப் பார்த்தது. 2017ல் நார்த்பாயிண்ட் என்ற நிறுவனம் மேலும் 2,000 ஏக்கருக்கு மேல் கிடங்குகள் கட்ட முன்வந்தது. எங்கள் லாரிகள் ஊர்ச் சாலையைத் தொடாது, தனிப் பாலம் போட்டு உள்ளேயே சுற்றும் என்றது. பதினைந்து வருடத்துக்கு முன்பு வேலை வேண்டும் என்று கேட்ட அதே வட்டாரத்தில் இப்போது வீட்டு முற்றங்களில் "வேண்டாம்" என்ற பலகைகள் முளைத்தன. ஊர்க்கூட்டங்களில் இடம் போதவில்லை. எல்வுட் ஒப்புதல் தரவில்லை.

நிறுவனம் பக்கத்து ஜோலியட் நகராட்சியிடம் போனது. 2020ல் ஜோலியட் நகர மன்றம் அந்த நிலத்தில் 1,260 ஏக்கரைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டது. வழக்குகள் வந்தன. 2021 டிசம்பரில் இன்னும் பெரிய பரப்புக்கு மன்றம் மறுபடி ஒப்புதல் கொடுத்தது. எல்வுட் மறுத்த கிடங்குகளுக்கு எல்வுட்டின் வாசலிலேயே அனுமதி கிடைத்தது. அதற்கு வாக்களித்த மன்றத்தில் எல்வுட்காரர்களுக்கு ஒரு இடம்கூடக் கிடையாது.