ஏரி: கரையிலிருந்து பிறந்த பெயர்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் மழைநீரையும் ஆற்றுநீரையும் தேக்கி வயலுக்கு விடும் நீர்நிலைக்கு ஏரி என்று பெயர். அதே வேலையைச் செய்யும் நீர்நிலை சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய். திருநெல்வேலியிலும் ஈழத்து வன்னியிலும் குளம். மூன்றும் ஒரே பொருளின் பெயர்கள்தாம். ஆனால் கண்மாயும் ஏரியும் அந்தப் பொருளின் வேறு வேறு உறுப்பைப் பார்த்து வைத்தவை.

கண்வாய் என்பதே கண்மாய் ஆயிற்று என்பர்; நீர் வெளியேறும் திறப்பு அங்கே முழு நீர்நிலைக்கும் பெயராகிவிட்டது. ஏரிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், ஏர்த்தொழிலுக்கு நீர் தருவதால் ஏரி என்பது. கன்னடம் வேறு வழி காட்டுகிறது. அங்கே நீர்நிலைக்குக் கெரெ என்று பெயர். அதன் உயர்ந்த மண்கரைதான் ஏரி. தமிழ் அகராதிகளிலும் ஏரி என்ற சொல்லுக்கு எருதின் திமில் என்று இன்னொரு பொருள் உண்டு. திமிலும் கரையும் மேடு என்பதில் ஒன்றுபடுகின்றன. ஏறு என்ற வினையோடு இதை உடனே இணைத்துவிட முடியாதபடி ரகர றகர வேறுபாடு குறுக்கே நிற்கிறது. என்றாலும் பேச்சுவழக்கு கரையின் பக்கமே சாய்கிறது. கிணறு தோண்டுவார்கள், குளம் வெட்டுவார்கள், ஏரியைக் கட்டுவார்கள். பெருமழையில் கரை அறுந்துபோனால் ‘ஏரி உடைந்தது’ என்பார்கள். தண்ணீர் உடையாது; உடைவது கரை.

பொருளின் அமைப்பும் இதற்கு ஒத்துவருகிறது. சரிவான நிலத்தில் தாழ்வான பக்கத்தை மட்டும் வளைத்து மண்கரை எழுப்பினால் மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் நீர் தானே தேங்கும். புறநானூற்றின் 118ஆம் பாடலில் கபிலர், பறம்புமலையில் இருந்த இப்படியொரு வளைந்த கரையை எட்டாம் நாள் பிறைக்கு ஒப்பிடுகிறார். அவர் அதைக் குளம் என்றே சொல்கிறார். பல்லவர் வடமொழிச் சாசனங்களில் தடாகம் என்ற சொல் வழங்கியது. மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் அமைத்தது மகேந்திர தடாகம்.

சோழர் கல்வெட்டுகளில்தான் ஏரி ஒரு நிர்வாகச் சொல்லாக முழு உருவம் பெறுகிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை விதிக்கின்றன. ஏரியைப் பராமரிக்க ஒதுக்கிய நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. மடை, மதகு, தூம்பு, குமிழி, கலிங்கு என்று உறுப்புக்கு ஒரு சொல் இருந்தது. மிகுநீர் வழியும் கலிங்கு பிற்காலத்தில் ஆங்கிலத்துக்குள்ளும் புகுந்தது. சென்னை மாகாண ஆங்கிலேயப் பொறியாளர்கள் அதற்கு ஈடு தேடாமல் ‘கலிங்குலா’ என்றே தம் அறிக்கைகளில் எழுதினர்.

சோழர் பேரேரிகளுக்கு அரசர் பெயர் சூட்டுவது வழக்கம். வீரநாராயணன் என்ற பராந்தகனின் பட்டம் வீரநாராயண ஏரிக்கு வந்தது. இன்றைய வீராணம் அதுவே. இவற்றுள் தனித்து நிற்பது கங்கைகொண்ட சோழபுரத்து ஏரி. வடக்கே சென்ற படை கங்கைநீரோடு திரும்பியபின் முதலாம் இராசேந்திரன் (1014–1044) இன்றைய அரியலூர் மாவட்டத்தில் புதிய தலைநகரை எழுப்பினான். அங்கே அவன் அமைத்த ஏரியின் பெயர் சோழகங்கம். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித்தூண் என்று வருணிக்கிறது. வென்ற மன்னர் கல்லில் தூண் நட்டுவந்த காலத்தில், வெற்றியின் சின்னம் வயலுக்குப் பாயும் நீராக ஆனது இந்தச் சொல்லின் வரலாற்றிலேயே மிக உயர்ந்த இடம்.

அந்த நூற்றாண்டிலும் அடுத்ததிலும் இப்பெருமுயற்சி சோழநாட்டோடு நிற்கவில்லை. கம்போச அரசன் இராசேந்திரனுக்குத் தேர் அனுப்பிய செய்தி கரந்தைச் செப்பேட்டில் உள்ளது; கம்போசம் எனப்பட்ட கெமர் நாட்டில் அப்போது ஆண்டவன் முதலாம் சூரியவர்மன். அங்கோரில் உள்ள மேற்குப் பாராய் என்ற நீர்நிலை அதே 11ஆம் நூற்றாண்டினது: ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அகலம். அதுவும் பெரும்பாலும் குழி தோண்டி ஆனதன்று. நாற்புறமும் மண்கரை உயர்த்தி நீர் நிறுத்தியது. சோழர் சனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்ட பொலன்னறுவையில், அவர்கள் போனபின் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பராக்கிரம சமுத்திரத்தை உருவாக்கினான். சிங்களத்தில் இத்தகைய நீர்நிலை ‘வெவ’. ‘வாபி’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மட்டக்களப்புத் தமிழர் சொல்லும் வாவிக்கும் மூலம் அதுவே.

சோழகங்கம் என்ற பெயர் அரசோடு சென்றது. சோழர் ஆட்சி முடிந்த 1279க்குப் பின் தலைநகர் சிதைந்தது; மக்கள் வாயில் நிலைத்த பெயர் பொன்னேரி. சோழர் பெயரும் கங்கையும் உதிர, ஏரி என்ற சொல் நிலைத்தது என்பது கவனிக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் குறிப்பு ஒன்று, கரை தெற்கு வடக்காக 16 மைல் ஓடியதையும், 60 மைலுக்கு மேற்பட்ட வாய்க்கால் ஒன்று கொள்ளிடத்து நீரைத் தென்முனையில் சேர்த்ததையும், வெள்ளாற்றிலிருந்து சிறு வாய்க்கால் வடமுனைக்கு வந்ததையும் பதிவுசெய்கிறது. படையெடுத்து வந்தவர்கள் வேண்டுமென்றே ஏரியை அழித்தார்கள் என்று ஊரார் கூறியதும் அதில் இருக்கிறது. படையெடுப்பின்றியும் இத்தகைய ஏரி அழியும். தூர் வாராவிட்டால் வண்டல் படியும், வாய்க்கால் அடைபடும், கொள்ளளவு குறையும். ஏரி வாரியம் போன்ற ஊரமைப்புகளின் பராமரிப்புப் பொறுப்பு பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில் தொடர்ந்தது. மராமத்து அரபு மூலத்துச் சொல். ஆட்சி மாறியதன் தடம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை எழுந்தபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிற்கற்களும் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. பழைய நீர்ப்பணியைத் தந்த நகரத்தின் கல்லை எடுத்துப் புதிய நீர்ப்பணி நடந்தது. பெரிய இழப்பு அது.

இன்று அரியலூர் மாவட்டத்தில் சொல்லும் பொருளும் ஒருசேரச் செழித்திருப்பது கரைவெட்டி ஏரியில். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரிநீர் பெறும் இந்த ஏரி பறவைகள் சரணாலயமாகவும் இருக்கிறது. 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள அதன் நீர், வலசை வரும் வாத்துகளுக்கும் சுற்றியுள்ள நெல்வயல்களுக்கும் பயன்படுகிறது.