ஃபெரியில் ஏறும் கார்: காஞ்சனபுரி வரை குடும்பத்தோடு போய் வரத் திட்டமிடுவது எப்படி?

கெடாவில் இருப்பவர்களுக்கு ஹட்யாய் வெளிநாடு மாதிரியே தெரிவதில்லை. சுங்கை பட்டாணியில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ஆனால் ஹட்யாயைத் தாண்டி வடக்கே போகவும், நடுவில் காரை ஃபெரியில் ஏற்றி ஒரு தீவுக்குப் போய் வரவும் ஆசைப்பட்டால் கணக்கே வேறு. அங்கே நேரத்தை முடிவு செய்வது நாம் அல்ல; கடலும், காகிதமும்தான்.

நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பக்கம் போக ஒரு காரணம் உண்டு. சயாம் மரண ரயில். 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். என் பாட்டியின் அப்பாவும் அவர்களில் ஒருவர். திரும்பி வரவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், தீபாவளி விடுமுறையை ஒட்டி, பாட்டியைக் காஞ்சனபுரிக்கு அழைத்துப் போகக் கிளம்பினோம். போகிற வழிதானே என்று முதலில் சாமுய் தீவுக்குப் போனோம். இரண்டு இரவுதான் திட்டம். காற்றும் அலையும் கூடி ஃபெரி நின்றது. மறுநாள் ஓடத் தொடங்கியபோது துறையில் கார்கள் வரிசை பிடித்து நின்றன. தரைக்கு வந்து சேர்ந்தபோது மாமாவுக்கு விடுப்பு மூன்று நாள்தான் மிச்சம். அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பினோம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவரால் அரை மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார முடியாது.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் முதலில் சொல்ல வேண்டியது இது: எதற்காகப் போகிறீர்களோ அதை முதலில் முடியுங்கள், தீவைத் திரும்பும் வழியில் வையுங்கள், அதற்குப் பிறகு ஒரு நாளை எதுவும் போடாமல் காலியாக விடுங்கள். அலையில் மாட்டிக்கொண்டால் அந்தக் காலி நாள்தான் போகும். மாட்டாவிட்டால் சொங்க்லா கடற்கரையில் ஒரு நாள் கூடுதலாக இருந்துவிட்டு வரலாம், நட்டமில்லை.

எந்த மாதம்?

தாய்லாந்தின் இரண்டு கரைகளுக்கும் மழைக்காலம் ஒன்றல்ல. கிராபி, லந்தா, லீப்பே இருக்கும் அந்தமான் கரையில் ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை மழையும் அலையும். சாமுய் இருக்கும் கிழக்குக் கரையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நவம்பர் மிக மோசம். நம் தீபாவளி விடுமுறை நேராக அதில்தான் போய் விழுகிறது. 2025 நவம்பரில் ஹட்யாய் நகரமே மூழ்கி, ஆயிரக்கணக்கான மலேசியர்கள் தங்கும் விடுதிகளில் சிக்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. தீபாவளிக்குத்தான் விடுப்பு கிடைக்கும் என்றால், காஞ்சனபுரி மட்டும் போய் வந்துவிட்டு சாமுய்யை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சாமுய் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். ஏப்ரல் நடுவில் வேண்டாம். நம் சித்திரைப் புத்தாண்டு நேரத்தில்தான் அவர்களுக்கும் சொங்க்ரான். 13 முதல் 15 வரை நாடே சாலையில் இருக்கும். ஃபெரித் துறையிலும் இருக்கும்.

காகிதம் முதலில், பெட்டி பிறகு

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள். எல்லாருடைய கடப்பிதழையும் மேசையில் வைத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் புதுப்பித்துவிடுவது நல்லது. வயதானவர்களின் கடப்பிதழ்தான் பெரும்பாலும் அலமாரியில் காலாவதியாகிக் கிடக்கும்.

அடுத்தது கார் யார் பெயரில் இருக்கிறது என்பது. நம் வீடுகளில் அண்ணன் பெயரில் வாங்கி, தம்பி கட்டி, மச்சான் ஓட்டுகிற கார்கள் நிறைய. எல்லையில் அது செல்லாது. ஓட்டுபவரின் பெயரில் கார் இல்லையென்றால், உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும். சத்தியப் பிரமாண ஆணையரிடம் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டால் பேச்சு குறையும். நிறுவனக் கார் என்றால் நிறுவனத்தின் கடிதம். கடன் இன்னும் ஓடுகிறதென்றால் வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் வெளிநாட்டுக்குக் கொண்டு போவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வங்கியிடம் கேட்டு, கடிதம் தேவையா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கார் கிரானின் நகல் இரண்டு மூன்று கையில் இருக்கட்டும்.

ஓட்டுநர் உரிமம் கைத்தொலைபேசிச் செயலியில் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். அது நம் ஊர் சாலைத் தடுப்புக்குச் சரி. தாய்லாந்துக் காவலரிடம் நீட்ட அட்டை வேண்டும். ஆசியான் நாடுகளுக்கிடையே 1985இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நம் உரிமம் அங்கே ஏற்கப்படும். அனைத்துலக உரிமம் தனியாகத் தேவையில்லை.

காப்புறுதி விஷயத்தில்தான் அதிகக் குழப்பம். எல்லையில் வாங்கும் தாய்லாந்துக் கட்டாயக் காப்புறுதி ஆட்களின் காயத்துக்கும் உயிருக்கும் மட்டும்தான். உங்கள் கார் நொறுங்கினாலும், நீங்கள் இடித்த கார் நொறுங்கினாலும் அதிலிருந்து ஒரு பாட் வராது. நம் ஊர் வாகனக் காப்புறுதி வழக்கமாக மலேசியா, சிங்கப்பூர், புருணையோடு நின்றுவிடும். தாய்லாந்துக்கு நீட்டிக்க 101 என்ற எண்ணில் ஒரு கூடுதல் ஒப்புதல் உண்டு. முகவரிடம் அந்த எண்ணைச் சொல்லியே கேளுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: கார் ஃபெரியின் மேல் இருக்கும்போது இந்தக் காப்புறுதி செல்லுமா? சபா, லாபுவான் ஃபெரிப் பயணத்துக்கென்றே நம் நாட்டுக் காப்புறுதியில் தனி நீட்டிப்பு இருக்கிறது. அப்படியென்றால் கடலைச் சாலையாக எடுத்துக்கொள்ள முடியாது என்றுதானே அர்த்தம். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் ஒவ்வொரு வெளிநாட்டவரும், தரைவழி என்றாலும், மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் அது போலி. கைக்குழந்தைக்கும் பாட்டிக்கும் தனித்தனி அட்டை.

எல்லையில்

புக்கிட் காயு ஈத்தாமில் நம் குடிநுழைவைத் தாண்டிய பிறகு சடாவ் பக்கம். வாகன விவரப் படிவம், பயணிகள் பெயர்ப் பட்டியல் இரண்டையும் சாங்லூன், புக்கிட் காயு ஈத்தாம் கடைகளில் காப்புறுதியோடு சேர்த்துத் தட்டச்சு செய்து தருவார்கள். தாய்லாந்துச் சுங்கத் துறை காரைத் தற்காலிகமாகக் கொண்டு வந்ததற்கான தாளைக் கொடுக்கும். அந்தத் தாள் பத்திரம். அதிலுள்ள தேதிக்குள் கார் வெளியேற வேண்டும். தாண்டினால் நாளுக்கு நாள் அபராதம். யார் பெயரில் தாள் இருக்கிறதோ அவரே காரைத் திரும்பக் கொண்டு வர வேண்டும். நடுவில் அவசரம் என்று அவர் மட்டும் விமானம் ஏறி வந்துவிட்டால் கார் அங்கே மாட்டிக்கொள்ளும். இரண்டாவது ஓட்டுநருக்கு உரிமம் இருந்தாலும், பயணம் முழுக்க இருக்கப் போகிறவர் பெயரில்தான் காரை உள்ளே கொண்டு போக வேண்டும்.

தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கைத்தொலைபேசி தானாக மாறிவிடும், காரின் கடிகாரம் மாறாது. போகும்போது இதனால் நட்டமில்லை. திரும்பும்போதுதான் இடிக்கும். எல்லை நள்ளிரவு வரை என்று நாம் சொல்வது நம் நேரம். உங்கள் தொலைபேசி 11.10 காட்டினால் கேட் மூடிப் பத்து நிமிடமாகிவிட்டது.

வழி

தாய்லாந்தின் 4ஆம் எண் நெடுஞ்சாலை சடாவிலிருந்து பேங்காக் வரை போகிறது. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். ஹட்யாயிலிருந்து காஞ்சனபுரிக்கு 900 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரே நாளில் ஓட்ட நினைக்க வேண்டாம். சும்போனில் இரவு தங்கினால் ஏறத்தாழ பாதி. ராட்சபுரியைத் தாண்டி, பேங்காக்குக்குள் போகாமலேயே பான் போங் பக்கம் திரும்பிவிடலாம். மரண ரயில் பாதை தொடங்கியதும் அந்த வட்டாரத்தில்தான்.

காஞ்சனபுரியில் பாலத்தைப் பார்க்க எல்லாரும் போவார்கள். நேச நாட்டுப் போர்க் கைதிகளின் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசையாக, புல் வெட்டி, பெயர் பொறித்து. நம் ஆட்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதே ஊரில் வாட் தாவோர்ன் வராராம் கோயிலைத் தேடிப் போங்கள். நம் தொழிலாளர்களுக்காக அண்மை ஆண்டுகளில் அங்கே நடுகல் எழுப்பப்பட்டிருக்கிறது. பாட்டி இல்லாமல் இரண்டாவது முறை நாங்கள் போனபோது அதைப் படம் எடுத்து வந்தேன். “அப்பா பேரு போட்டிருக்காம்மா?” என்று கேட்டார். எல்லாருக்கும் சேர்த்து ஒரே கல் என்றேன். படத்தைப் பெரிதாகப் போட்டு வரச் சொன்னார்.

இனி ஃபெரி

சும்போனிலிருந்து தெற்கே இறங்கி, சூராட்தானி மாநிலத்தின் டோன்சாக் துறைக்கு வர வேண்டும். அங்கிருந்து இரண்டு நிறுவனங்கள் கார் ஃபெரி விடுகின்றன. சீட்ரான் தீவின் நாத்தோன் துறைக்கும், ராஜா ஃபெரி லீப்பா நோய் துறைக்கும் போகும். இரண்டுமே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். டோன்சாக்கில் இரண்டின் துறையும் வேறு வேறு என்பதால், பதிவு செய்தது எது என்று பார்த்து வழிகாட்டியில் இடத்தைப் போடுங்கள். கார் டிக்கெட்டில் ஓட்டுநர் அடங்குவார், மற்றவர்களுக்குத் தனி. புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வரிசையில் இருங்கள். கடைசி ஃபெரியைக் குறிவைத்து வராதீர்கள். டயர் பஞ்சரானால் இரவு துறையில்தான்.

ஏறியதும் கியரை நிறுத்தத்தில் போட்டுக் கைத்தடையை இழுங்கள். அலாரத்தை அணைத்துவிடுங்கள், அலை ஆட்டத்தில் கத்த ஆரம்பித்தால் கப்பலே திரும்பிப் பார்க்கும். மேல்தளத்துக்குப் போகும் இரும்புப் படிகள் செங்குத்தானவை. மூட்டுவலி உள்ளவர்களை முதலில், மெதுவாக ஏற்றுங்கள். குமட்டல் மாத்திரை புறப்பட்ட பிறகு போட்டால் பயனில்லை. அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரை, தண்ணீர், கடப்பிதழ்கள் மூன்றும் காரில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும்.

திரும்பும் வழியில் குழந்தைகளுக்குப் பிடித்த இன்னொரு ஃபெரி உண்டு. நக்கோன் சி தம்மராட்டிலிருந்து கடலோரமாக 408ஆம் எண் சாலையில் வந்தால், சொங்க்லா ஏரியின் வாயைக் காரோடு ஃபெரியில் கடக்கலாம். சில நிமிடங்கள்தான். வரிசை நீளமாக இருந்தால் கோ யோ வழியாகப் பாலம் இருக்கிறது. கிளந்தானின் பெங்காலான் குபோருக்கும் தாக் பாய்க்கும் நடுவில் ஆற்றைக் கடக்கும் கார் ஃபெரியும் உண்டு. எல்லையையே ஃபெரியில் கடப்பது அழகுதான். ஆனால் அதற்குப் பத்தானி, நாரதிவாட் வழியாக வர வேண்டும். 2004 முதல் அங்கே அமைதியில்லை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வந்த வழியே சடாவுக்குத் திரும்பலாம்.

புரட்டாசி விரதம் இருப்பவர்கள், மரக்கறிக்காரர்கள் “ஜே” என்று கேளுங்கள், புரிந்துகொள்வார்கள். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துப் பலகை இருக்கும் கடைகள் அவை. மின் சிகரெட்டைத் தாய்லாந்துக்குள் கொண்டு போகாதீர்கள், அங்கே தடை. கஞ்சா இலைப் படம் போட்ட பிஸ்கட், மிட்டாய் எதையும் நம் எல்லைக்குள் கொண்டு வராதீர்கள், அங்கே தின்றுவிட்டு வருவதும் கூடாது.

காரை ஃபெரியில் ஏற்றிப் பழக்கமே இல்லை என்றால், முதலில் கோலா பெர்லிஸிலிருந்து லங்காவிக்கு ஒரு முறை போய் வாருங்கள். பினாங்கு ஃபெரியில் பழகலாம் என்றால் 2021 முதல் அதில் கார் ஏறுவதில்லை. நடப்பவர்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் மட்டுமே. மலாக்காவிலிருந்து டூமாய்க்குக் காரைக் கொண்டு போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் படகில் ஆட்கள் மட்டும்தான்.

சுங்கை பட்டாணியிலிருந்து கிளம்பினால் மொத்தம் பதினொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். போக மூன்று நாள், காஞ்சனபுரியில் இரண்டு, டோன்சாக் வரை இரண்டு, தீவில் இரண்டு, காலி நாள் ஒன்று, வீடு திரும்ப ஒன்று. விடுப்பு ஒன்பது நாள்தான் என்றால் தீவை எடுத்துவிடுங்கள். காலி நாளை எடுக்காதீர்கள்.