டிட்ஜெரிடூ

ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ஊதுகருவிக்கு ‘டிட்ஜெரிடூ’ என்பது அவர்கள் வைத்த பெயரல்ல. கருவியின் ஒலியைக் கேட்ட வெள்ளையர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உண்டாக்கிய ஒலிக்குறிப்புச் சொல் என்பதே பெரும்பாலோர் கருத்து. வடகிழக்கு ஆர்னம் லாந்தின் யோல்ங்கு மக்களுக்கு இது ‘யிடாக்கி’. கரையான் உள்ளே அரித்துக் குழலாக்கிய யூகலிப்டஸ் தண்டு; வாய் வைக்கும் விளிம்பில் தேன்மெழுகு. கன்னத்தில் அடக்கிய காற்றை ஊதியபடியே மூக்கால் மூச்சிழுப்பார்கள், நாதம் அறுபடாது.

1991இல் யோத்து யிண்டி குழு ‘ட்ரீட்டி’ பாடலில் இதை ராக் இசையோடு சேர்த்தது. இசையமைப்பாளர் பீட்டர் ஸ்கல்தார்ப் 2004இல் ‘ரெக்வியம்’ படைப்பில் சேர்ந்திசைக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் நடுவே இதை வைத்தார். வாசித்தவர் வில்லியம் பார்ட்டன். கச்சேரி அறிவிப்புகளில் இதன் பெயர் இன்னமும் பெரும்பாலும் ‘டிட்ஜெரிடூ’தான்.